ரோசாலியாவுக்கு இடம் இல்லை

டென்னி பார்க் எந்தப் பெண்ணையும் காதலிக்கக் கூடாது என்றது ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவு. எல்லாப் பெண்களையும் காதலிக்க வேண்டும் என்றது பன்னிரண்டாவது பிரிவு. பையனுக்கு வயது போதாது என்பதால் அவன் அப்பா நுன்சியோ, ஒன்பதாம் தெருச் சந்தையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே வந்து கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது பிரிவின் மேல் கணவாய் மீனின் கறுப்பு மையில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருக்கிறது.

பையனின் உண்மைப் பெயர் கயட்டானோ ஸ்கோர்சா. எங்கள் தென் பிலடெல்ஃபியாவில் எல்லோருக்கும் அவன் டானோ. அவன் பாடகன் ஆனதற்குக் காரணம் பன்றிக் கொழுப்பு.

எங்கள் கோயில் திருவிழாவில் கொழுப்பு தடவிய கம்பம் ஏறும் போட்டி உண்டு. உச்சியில் பரிசாகச் சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சி கட்டித் தொங்கும். அந்த வருஷம் டானோ சலாமியை எட்டவில்லை. பாதிக் கம்பத்திலிருந்து தலைகீழாக வழுக்கி இறங்கினான். இறங்கி நின்றபோது முடி முழுக்கக் கொழுப்பு; வெயிலில் பளபளவென்று மின்னியது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அதைப் படம் பிடித்தார். அந்தப் படம் பெல்ஃப்ளவர் ரெக்கார்டு கம்பெனித் தலைவர் மிஸ்டர் ப்ரூயட்டின் மேசைக்குப் போனது. அவர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இந்த முடி பாடும்."

டானோவை அழைத்து வந்தார்கள். நிற்கச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள், சோகமாகச் சிரிக்கச் சொன்னார்கள். பாடுவாயா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவனாகவே, "நான் சர்ச்சுல பாடியிருக்கேன் சார்" என்றான்.

மிஸ்டர் ப்ரூயட் அவன் தோளைத் தட்டினார். "பயப்படாத தம்பி. அதையெல்லாம் சரி பண்ணிடலாம்."

ஸ்கோர்சா என்ற பெயர் ரெக்கார்டு உறையில் நன்றாக இருக்காது என்று முடிவாயிற்று. ஜன்னலுக்கு வெளியே 'நோ பார்க்கிங்' என்று ஒரு பலகை தெரிந்தது. முன்னும் பின்னும் நறுக்கியதில் பார்க் மிஞ்சியது. டென்னி என்பது மிஸ்டர் ப்ரூயட்டின் நாயின் பெயர். நாய் அப்போது உயிரோடு இல்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பாட்டுப் பதிவு எப்படி நடக்கும் என்று டானோ வீட்டில் விவரித்தபோது யாரும் நம்பவில்லை. ஒரே பாட்டை வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாடுவான். அவன் போன பிறகு டொம்ப்ரோவ்ஸ்கி என்ற ஒலிப்பதிவுக்காரர் சவர பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தேறிய சொற்களை மட்டும் டேப்பிலிருந்து வெட்டி ஒட்டுவார். "நான்" செவ்வாய்க்கிழமையுடையதாக இருக்கும். "உன்னை" வியாழக்கிழமையுடையது. "மறவேன்" என்ற சொல்லில் முதல் பாதி காலை, பின்பாதி சாப்பாட்டுக்குப் பிறகு. இப்படிப் பிறந்ததுதான் 'லிண்டா, மழை நின்றுவிட்டது.' அமெரிக்கா முழுவதும் விற்றது. அடுத்து 'பார்பராவின் நிலா.' அதுவும் விற்றது.

பத்திரிகைகளில் அவனைப் பற்றி வந்தவற்றையும் கம்பெனியே எழுதியது. டென்னிக்குப் பிடித்த நிறம் நீலம். பிடிக்காதது வெங்காயம். தனக்கென்று பிறந்த பெண்ணை அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அது நீங்களாகவும் இருக்கலாம்.

டானோவின் அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "வெங்காயம் பிடிக்காதா? அப்போ இத்தனை வருஷமா என் சாஸை வழிச்சு வழிச்சு நக்கினது யாருடா?"

வெங்காயமாவது பரவாயில்லை. டானோ தேடிக்கொண்டிருந்த பெண் எங்கள் தெருமுனை பேக்கரியில்தான் இருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்தாள். பேக்கரிக்காரர் டார்டாக்லியாவின் மகள் ரோசாலியா. பதினோராவது பிரிவின் காரணமாக இது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மற்றப் பையன்கள் தங்கள் பெண்ணோடு ஐஸ்கிரீம் கடைக்குப் போவார்கள். டானோ பேக்கரியின் பின்வாசல் வழியாக மாவு அறைக்குள் நுழைவான். கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பின் முன் அவள் அப்பா நிற்பார். அதனால் அவளைக் கூப்பிடுவதற்கு முன் டானோ ஒரு மூச்சு இழுப்பான், ஆற்றில் குதிக்கப் போகிறவன் மாதிரி. பிறகு மெதுவாக, "ரோசாலியா."

அந்தப் பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவள் கையில் கிரீம் பையோடு வந்தாள்.

"மூட்டை மேல உக்காராத. கோட்டெல்லாம் மாவாயிடும். அப்புறம் டென்னிக்கு மாவு பிடிக்கும்னு பத்திரிகையில போடுவான்."

"ரோசா, இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோ."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. லிண்டாவுக்கு மழை நின்னுடுச்சு. பார்பராவுக்கு நிலா வந்துடுச்சு. எனக்கு மட்டும் எலிப்பொறி பக்கத்துல அஞ்சு நிமிஷம்." கிரீம் பையை மூட்டைமேல் வைத்தாள். "ஃபீலிக்ஸ் பெட்ரில்லோ வீட்டுல என்னைக் கேட்டு வரப் போறாங்க. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவுக்குச் சம்மதம். பாதிரியாருக்கே சம்மதம்."

"உனக்கு?"

"அவன் நல்லவன்டா. அதுதான் தொல்லை. குடிகாரனா இருந்தா வேணாம்னு சொல்லிடலாம். இவனை என்ன காரணம் சொல்லி வேணாங்கறது? டென்னி பார்க்கைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னா அப்பா சிரிப்பாரு. இந்தத் தெருவுல எல்லாப் பொண்ணும் அதையேதான் சொல்லுது."

டானோ கோட்டில் ஒட்டிய மாவைத் தட்டினான். 

"ஒண்ணு பண்ணு. ரேடியோவுல ஒரு தடவை என் பேரைச் சொல்லு. ரோசா இல்ல. ரோசாலியா, முழுசா. எங்கப்பா காதுல விழணும். அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஊர்ல இருக்கிற பொண்ணுங்க பேரையெல்லாம் சொல்றவனுக்கு இது ஒரு கஷ்டமா?"

டானோவும் அப்படித்தான் நினைத்தான்.

பெல்ஃப்ளவர் கம்பெனியின் ஆலோசனைக் கூட்டம் எப்போதும் மௌன அஞ்சலியோடு தொடங்கும். அந்த வாரம் விற்பனைப் பட்டியலிலிருந்து விழுந்த பாட்டுக்காக எல்லோரும் எழுந்து, தலைகுனிந்து நிற்பார்கள். அன்று விழுந்திருந்தது பார்பரா. மிஸ்டர் ப்ரூயட் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு வலப்புறம் மிஸ்டர் ஓஸ்குட் இருந்தார். இளம்பெண் உணர்ச்சிப் பிரிவின் டைரக்டர். வயது ஐம்பதைத் தாண்டியவர், மணமாகாதவர், இளம்பெண் எவளோடும் பேசியறியாதவர். பேசினால் கணிப்பு கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. சுவரில் அமெரிக்காவின் வரைபடத்தை மாட்டி, எந்த ஊரில் எந்தப் பெயர்க்காரிகள் அதிகம் என்று வண்ண ஊசிகள் குத்தி வைத்திருந்தார்.

"அடுத்த பாட்டுக்கு ஒரு பேர் சொல்லலாமா சார்?" என்றான் டானோ.

கூட்டத்தில் இதுவரை அவன் பேசியதில்லை. மூலையில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த பெண் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ரோசாலியா."

"யாரு அது?" என்றார் மிஸ்டர் ப்ரூயட்.

பதினோராவது பிரிவு டானோவின் கண்முன் வந்து நின்றது. "எங்க அத்தை சார்."

"அத்தைங்க ரெக்கார்டு வாங்க மாட்டாங்க" என்றார் மிஸ்டர் ஓஸ்குட், வருத்தத்தோடு. எழுந்து போய் வரைபடத்தைத் தடவினார். "ரோசாலியாவுக்கு நாடு முழுக்கத் தேடினாலும் குத்தும்படியா ஒரு ஊசி இல்ல. அங்கங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. ஆனா அவங்க ரெக்கார்டு வாங்குற ஜனம் இல்ல. சமைக்கும்போது தாங்களே பாடிக்கிற ஜனம். நம்ம தொழிலுக்கே விரோதமானவங்க."

மிஸ்டர் ப்ரூயட் கையை உயர்த்தினார். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்: கை உயர்ந்தால் பேச்சு வரும்.

"தம்பி, லிண்டான்னு பாடினோம். லிண்டாக்கள் வாங்கினாங்க. சூசன்கள் அழுதாங்க. அழறது நல்லதுதான். ஆனா அழறவகிட்ட விக்கறதுக்கு நம்மகிட்ட ரெக்கார்டு இல்ல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பாட்டுன்னா என்ன? சுத்தி வயலின், நடுவுல ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்துல நாம இதுவரைக்கும் ஒரே ஒரு பொண்ணை உக்கார வச்சுட்டிருந்தோம். எவ்வளவு பெரிய வீண்! இனிமே பாட்டு ஒண்ணு. பேர் வர்ற இடத்தைக் காலியா விட்டுப் பதிவு பண்ணுவோம். அப்புறம் ஊருக்கு ஒரு பேரை ஒட்டி அனுப்புவோம். கிளீவ்லாந்துல அவன் சூசனுக்காக உருகுவான். பஃபலோவுல ஜூடிக்காக. ஒவ்வொரு ஊர்லயும் உண்மையா."

எல்லோரும் கை தட்டினார்கள். மிஸ்டர் ஓஸ்குட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாப் பேரையும் பதிவு பண்ணப் போறோம். அதோட உங்க அத்தை பேரையும் பண்ணிட்டாப் போச்சு" என்றார் மிஸ்டர் ப்ரூயட், அன்றைய மகிழ்ச்சியில். "பிலடெல்ஃபியாவுக்கு எந்தப் பேருன்னு இன்னும் முடிவாகல. நல்லா வந்தா அதையே போடலாம். சொந்த ஊர்தானே."

டானோ மாடியிலிருந்து தெரு வரைக்கும் படிகளைத் தாவித் தாவி இறங்கினான்.

பதிவு தொடங்கியது. பாட்டின் பெயர் 'உன் பெயர் சொன்னால்.' மற்றச் சொற்களெல்லாம் முதல் வாரத்தில் முடிந்து, டொம்ப்ரோவ்ஸ்கியின் பிளேடுக்குப் போய்விட்டன. பிறகு பெயர்கள். காலையில் வந்து மைக் முன் நின்று, சாயங்காலம் வரை பெண்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பதே டானோவின் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் ஓஸ்குட் வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"ஜூடி."

"பஃபலோவுல பனி அதிகம் தம்பி. இன்னும் கொஞ்சம் கதகதப்பு வேணும்."

"ஜூடி."

"இது ஃப்ளோரிடா ஜூடி. அடுத்தது போ."

"பெட்டி."

"கடன்காரியைக் கூப்பிடற மாதிரி இருக்கு. டெட்ராய்ட்டுல ஏற்கனவே வேலை போயிட்டிருக்கு. பயமுறுத்தாத."

கரோலைன் என்பதற்கு மண்டியிடச் சொன்னார்கள். மார்கரெட் என்பதற்குக் கண்ணில் நீர் வர வேண்டும் என்பதால் வெங்காயம் தருவித்தார்கள். டென்னிக்கு வெங்காயம் பிடிக்காது என்று நினைவு வந்ததும் அதைத் திருப்பி அனுப்பினார்கள். நாளாக ஆக டானோவுக்குப் பெயர்கள் எல்லாம் காய்கறிப் பெயர்கள் மாதிரி ஒலிக்கத் தொடங்கின. வீட்டில் அம்மா கூப்பிட்டபோது, "நல்லா இருக்கு, அடுத்தது" என்றான்.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை ரோசாலியாவின் முறை வந்தது. டானோ அன்று சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தான். பாடினான். டொம்ப்ரோவ்ஸ்கி தலையை ஆட்டினார்.

"நீளம். காலி இடம் ரெண்டு தாளத் தட்டுக்குத்தான் விட்டிருக்கு. லிண்டா, சூசன், நான்சி எல்லாம் உக்காரும். உங்க அத்தைக்குக் கால் வெளியே நீட்டிக்கிட்டிருக்கு."

டேப்பை வேகமாக ஓட்டி உள்ளே நுழைத்துப் பார்த்தார்கள். ரோசாலியா என்பது அணில் கீச்சிடுவது போல வந்தது. "உற்சாகமா இருக்கே!" என்றார் மிஸ்டர் ப்ரூயட். பெயரைப் பாதியாக வெட்டி 'ரோசா' என்று விட்டுவிடலாம் என்றார் மிஸ்டர் ஓஸ்குட். டானோ மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"முழுசா வேணும் சார். இல்லன்னா அத்தை கோவிச்சுக்குவாங்க."

டொம்ப்ரோவ்ஸ்கிக்குப் பசி. வாதம் நீண்டால் சாப்பாடு ஆறிவிடும். "காலி இடத்தையே கொஞ்சம் பெருசாக்கிடறேன்" என்று சொல்லி, வேறொரு டேப்பில் வயலின்களுக்கு நடுவே இடைவெளியை அகட்டினார். "போ தம்பி. ஒரே தடவை."

டானோ கண்ணை மூடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிவதாகவும் அதன் முன் டார்டாக்லியா நிற்பதாகவும் நினைத்துக்கொண்டான். இந்த முறை அவர் காதில் விழ வேண்டும். மூச்சை இழுத்தான்.

"ரோசாலியா."

யாரும் அசையவில்லை. டொம்ப்ரோவ்ஸ்கி டேப்பை நிறுத்த மறந்தார். அது காலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மிஸ்டர் ப்ரூயட் கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை அது விற்பனைக்காக அல்ல.

"அற்புதம்" என்றார். "என் ஆயுசுல இப்படி ஒண்ணு கேட்டதில்ல. இதை வெளியிடக் கூடாது."

"சார்?"

"அத்தைன்னா சொன்ன?" மிஸ்டர் ப்ரூயட் அவனை உற்றுப் பார்த்தார். "சரி, நான் கேக்கல. பதினோராவது பிரிவு இருக்கறதால கேக்க மாட்டேன். ஆனா இதுல ஒரு பொண்ணு இருக்கா தம்பி. கேட்டாலே தெரியுது. காசு குடுத்து ரெக்கார்டு வாங்கின பொண்ணு ஆசையா உள்ள வந்து பாக்கறா. நாற்காலியில ஏற்கனவே ஆள் உக்காந்திருக்கு. அவ மனசு என்ன பாடுபடும்? உண்மையான உணர்ச்சியை ஜனங்ககிட்ட இப்படித் திடீர்னு அவுத்து விடக் கூடாது. நமக்கு ஒரு பொறுப்பு இருக்கு."

"பிலடெல்ஃபியாவுக்கு மட்டும் சார்... சொந்த ஊருன்னு சொன்னீங்களே..."

"பிலடெல்ஃபியாவுக்கு நான்சி" என்றார் மிஸ்டர் ஓஸ்குட். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "அந்த முதல் துண்டை இன்னொரு தடவை போடுங்க, டொம்ப்ரோவ்ஸ்கி. பேருக்கு முன்னாடி. அந்த மூச்சு."

போட்டார்கள். ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"இதுல பேர் இல்ல, பாருங்க. இது யாருக்கும் பொருந்தும்."

டொம்ப்ரோவ்ஸ்கி பிளேடை எடுத்தார். அவர் கை சுத்தமான கை. ஒரு இழுப்பில் மூச்சு தனியாக வந்துவிட்டது. ஒரு சாண் டேப். அதைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். அன்று மத்தியானமே அதைப் பிரதி எடுத்து எல்லாப் பெயர்களுக்கு முன்னாலும் ஒட்டும் வேலை தொடங்கியது.

பாட்டு ஈஸ்டருக்கு முந்திய வாரம் வந்தது. நாடே கிறுகிறுத்துப் போனது. லிண்டாவும் பார்பராவும் அதன் முன் ஒன்றுமே இல்லை. கிளீவ்லாந்தில் சூசன்கள் மயங்கி விழுந்தார்கள். அந்த மூச்சுக்காகவே ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துத் தேய்த்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இளம்பெண் உணர்ச்சிப் பிரிவுக்கு இன்னொரு அறை கொடுத்தார்கள்.

டானோ மாவு அறைக்குப் போனபோது ரோசாலியா ஏற்கனவே அங்கே நின்றிருந்தாள்.

"யாரு அந்த நான்சி?"

"யாருமே இல்ல ரோசா. பிலடெல்ஃபியாவுக்கு நான்சின்னு ஒதுக்கியிருக்காங்க."

"அவ போகட்டும். அவளுக்கு முன்னாடி ஒரு மூச்சு வருதே. அது என்னுது."

டானோ தரையைப் பார்த்தான். "ஆமா."

"என்னுதை எப்படிடா தூக்கி அவளுக்குக் குடுத்த?"

"நான் குடுக்கல. பிளேடால வெட்டி எடுத்துட்டாங்க."

"விரல்ல பிளேடு பட்டாக்கூடக் கத்துவாங்க. நீ என்ன பண்ணின?"

கதவுக்கு அந்தப் பக்கம் ரொட்டித் தட்டுகள் உரசின. டானோ குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த பேரு பாடினேன்" என்றான். "சாண்ட்ரா."

அவள் அழுதிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வராங்க டானோ."

"சனிக்கிழமை டிவியில நான் வரேன். டான்ஸ் நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு, அதுல யாராலயும் வெட்ட முடியாது. நான்சி வர்ற இடத்துல உன் பேரைச் சொல்றேன். அப்பாவை டிவி முன்னாடி உக்கார வை."

அவள் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "உக்கார வைக்கறேன்."

அந்த நிகழ்ச்சியில் யாரும் பாடுவதில்லை என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டானோவுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். அன்று அது அவன் நினைவில் நிற்கவில்லை. பின்னால் ரெக்கார்டு சுற்றும். பாடகர் அதற்கு உதடு அசைக்க வேண்டும். கையில் கொடுக்கும் மைக்குக்கு வால் கிடையாது. அது எதோடும் சேராத, நன்றாகப் பாலிஷ் போட்ட வெறும் இரும்பு. டானோ அதைப் பிடித்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றான். அமெரிக்கா முழுவதற்கும் சொந்தமாகிவிட்ட அந்த மூச்சு வந்தது. அடித் தொண்டையிலிருந்து, நரம்பு புடைக்க, "ரோசாலியா!" என்று கத்தினான்.

வயலின்களுக்கு நடுவே நான்சி இனிமையாக ஒலித்தது.

உதட்டையாவது பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நொடியில் கேமரா, ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் புதுச் செருப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. செருப்புக் கம்பெனிதான் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது. கேமரா திரும்பி வந்தபோது டானோ வாயை மூடிக்கொண்டிருந்தான், பாட்டு போய்க்கொண்டிருந்தது.

பேக்கரியில் டார்டாக்லியா நாற்காலியை விட்டு எழுந்தார். "இதைப் பாக்கவா என்னை இழுத்து உக்கார வச்ச? மீன்காரன் பையன் வாயே தொறக்கல. பாட்டு எங்கிருந்தோ வருது. அடுப்புல ரொட்டி கருகுது!"

மறுநாள் ஃபீலிக்ஸ் பெட்ரில்லோ பூச்செண்டோடு வந்தான். ரோசாலியா சம்மதம் சொன்னாள்.

திங்கட்கிழமை டானோவின்மீது விசாரணை நடந்தது. உதடு பிந்தியதாக நேயர்கள் புகார் செய்திருந்தார்கள். மிஸ்டர் ஓஸ்குட் குரல் தழுதழுக்கப் பேசினார்: "நீ பாடறன்னு அந்தக் குழந்தைங்க நம்புறாங்க. அந்த நம்பிக்கையைக் காப்பாத்தத்தான் இவ்வளவு பேர் உழைக்கிறோம். நடுவுல நீ போய் நிஜமாவே பாடினா என்ன அர்த்தம்?" இனிமேல் பொது இடங்களில் டென்னி பார்க் சொந்தக் குரலில் பாடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் புதுப் பிரிவு சேர்ந்தது. உதட்டு ஒழுங்குக்கு வாரம் மூன்று வகுப்பு வைத்தார்கள். டானோ எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்வதற்கு இனி அவனுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த வசந்தத்திற்குள் கம்பெனிக்கு வேறொரு பையன் கிடைத்துவிட்டான். அவனுக்குக் கன்னத்தில் குழி விழும். டென்னி பார்க்கின் பாட்டுகளுக்கு மௌன அஞ்சலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஆனால் பெட்டி பெட்டியாகப் பெயர்கள் மிச்சம் இருந்தன. இவ்வளவு சரக்கை வீணாக்க மிஸ்டர் ப்ரூயட்டுக்கு மனம் வரவில்லை. 'உங்கள் பெண்ணின் பெயர், டென்னியின் குரல்' என்று விளம்பரம் கொடுத்தார். பிறந்தநாளோ கல்யாணமோ, பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் ஒட்டிய தனி ரெக்கார்டு கிடைக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் டென்னியே வந்து உதடு அசைப்பான்.

அந்த மே மாதம் ஃபீலிக்ஸ் பெட்ரில்லோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனிப் படியேறினான். மணப்பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு பரிசு வேண்டும் என்றான். பெயர் கொஞ்சம் நீளம், கிடைக்குமா என்று கேட்டான்.

மிஸ்டர் ப்ரூயட் அன்று டானோவைக் கட்டிக்கொண்டார். "பாத்தியா தம்பி! நம்ம கம்பெனியில எதுவும் வீணாப் போகாது. உங்க அத்தைக்கும் ஒரு கிராக்கி வந்துடுச்சு!"

"எனக்கு உடம்பு சரியில்ல சார்."

"உதட்டுக்கு ஒண்ணும் இல்லையே?"

கல்யாணம் கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடந்தது. எங்கள் வழக்கப்படி காகிதம் சுற்றிய சாண்ட்விச்சுகள் மேசைக்கு மேசை பறந்துகொண்டிருந்தன. "ஹாம் இங்க வீசு! டேய், அது சலாமி, திருப்பி வீசு!" என்று கிழவர்கள் எழுந்து நின்று பிடித்தார்கள். டானோவின் நெற்றியில் ஒன்று பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வால் இல்லாத மைக்கோடு மேடையில் ஏறினான். கம்பெனி ஆள் ரெக்கார்டை வைத்தான்.

ரோசாலியா வெள்ளை உடையில் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தாள். ஃபீலிக்ஸ் அவள் காதில் எதையோ சொல்லிச் சிரித்தான். வயலின்கள் வந்தன. பிறகு அவற்றுக்கு நடுவே அகட்டி வைத்த இடம் வந்தது. முதலில் அதில் எதுவும் இல்லை. ஒரு கணம் ரெக்கார்டு நின்றுவிட்டதோ என்று கம்பெனி ஆள் குனிந்து பார்த்தான். அதன் பிறகு, கூடம் முழுக்க, முழுசாக:

"ரோசாலியா."

சாண்ட்விச் வீசிக்கொண்டிருந்த கைகள் நின்றன. டார்டாக்லியா நெஞ்சில் கை வைத்தார். "அடேயப்பா! என் பொண்ணு பேரை என்னமா சொல்றான்! இதை மட்டும் முன்னாடியே கேட்டிருந்தா இவனுக்கே கட்டிக் குடுத்திருப்பேன்!"

மேசைகள் குலுங்கச் சிரிப்பு எழுந்தது. ஃபீலிக்ஸ்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். மாமனாரின் முதுகைத் தட்டினான்.

பாட்டு முடிந்ததும் ரோசாலியா சர்க்கரை பூசிய பாதாம் தட்டோடு மேடைக்கு வந்தாள். விருந்தாளிகளுக்கு மணப்பெண்ணே கொடுப்பதுதான் முறை. டானோவின் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தாள்.

"முன்னாடி ஒரு மூச்சு இருக்குமே. அது இதுல இல்லையே."

"அதை அப்பவே வெட்டி எடுத்துட்டாங்களே."

"இதுக்காவது திருப்பி ஒட்டியிருக்கலாம்."

"கேட்டேன். தனிப் பேருக்கு அது கிடையாதாம். ஊருக்குன்னு ஒதுக்கின பேருங்களுக்கு மட்டும்தானாம்."

அவள் தட்டைச் சரிசெய்து பிடித்துக்கொண்டாள். அடுத்த மேசையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் இருக்கு, என்ன?"

"எல்லாருக்கும் இருக்கு."

"இன்னொரு தடவை போடுங்க!" என்று கீழேயிருந்து ஃபீலிக்ஸ் கத்தினான். "ரோசாலியா, வா, ஆடலாம்! சார், இன்னும் ஒரே ஒரு தடவை!"

ஒரு தடவைக்கு மேல் போட்டால் கூடுதல் கட்டணம் என்று கம்பெனி ஆள் சொன்னான். நான் தருகிறேன் என்றார் டார்டாக்லியா. ரோசாலியா இறங்கிப் போய்க் கணவனின் தோளில் கை வைத்தாள். ஊசி இறங்கியது. டானோ பாதாமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தான்.